புள்ளி தொலைந்த கட்டுரைகள்

"தம்பி, என் தமிழைக் காணோம்" என்றார் ஐயா, தொலைபேசியில்.

எனக்குப் பத்தாம் வகுப்பில் இலக்கணம் நடத்தியவர். ஓய்வுக்குப் பிறகு தம் ஊர்ப்பக்கத்துச் சொற்கள், திருவிழாக்கள், குளம் குட்டைகளின் பெயர்கள் என்று இணையத்தில் சொந்தமாக ஓர் இடம் வைத்து எழுதிவந்தார். ஒன்பது ஆண்டு உழைப்பு. ஆண்டுக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று வேறொரு நிறுவனத்தின் சர்வருக்கு மாற்றியிருக்கிறார். மாற்றிக் கொடுத்தவர்கள் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். திரை முழுக்க ஒரே கோலம். தலையில் சாய்கோடு இழுத்த ஆங்கிலச் சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்', அதற்கடுத்து ஏதோ ஒரு குறி. மறுபடியும் அதே ஏ, அதே ஆர், வேறொரு குறி. பக்கம் பக்கமாக இப்படியே. ஐயா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஏ-யையும் ஆர்-ஐயும் பார்த்ததும் எனக்கு மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. கணினியில் தமிழ் கெடும்போது எப்படிக் கெட்டிருக்கிறது என்பதே எங்கே கெட்டது என்று சொல்லிவிடும். நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான்.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் கவலையே வேண்டாம். எழுத்து பத்திரமாக இருக்கிறது, அதை வரைந்து காட்ட எழுத்துருதான் இல்லை என்று பொருள். இந்த வெள்ளைக் கட்டத்துக்கு ஜப்பானிய சோயா கட்டியின் பெயரால் 'டோஃபு' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. கூகுள் நிறுவனம் உலக மொழிகளுக்கெல்லாம் எழுத்துரு செய்தபோது அதற்கு 'நோட்டோ' என்று பெயர் வைத்தது இதனால்தான். 'நோ டோஃபு', இனி கட்டம் இல்லை என்பதன் சுருக்கம் அது.

ஆங்கிலத்தின் சாதாரண எழுத்துகளே அர்த்தமில்லாமல் வரிசையாக வந்தால் அது பழைய கதை. யூனிகோடு பரவுவதற்கு முன் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்த எழுத்துருக்களில் எழுதிய காலம் அது. 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி உள்ளே சேமித்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ், இல்லாத கணினியில் உளறல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, தமிழ் 99 விசைப்பலகையோடு டாம், டாப் என்ற குறியேற்றங்களையும், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்களையும், வகுத்துக் கொடுத்தது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். இப்போதும் பழைய கோப்புகளைத் திறக்கும்போது இது தலைகாட்டும். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, சுலபமாகச் சரியாகிவிடும்.

பயப்பட வேண்டியது கேள்விக்குறிக்குத்தான். தமிழ் எழுத்துக்கே இடமில்லாத ஒரு குறியேற்றத்துக்குள் தமிழைத் திணிக்கும்போது, 'எனக்கு இது தெரியாது' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டு அசலைக் கணினி தூக்கி எறிந்துவிடுகிறது. 'தமிழ்' என்ற சொல் ஐந்து கேள்விக்குறிகளாகும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்துதான். கணினிக்கு த, ம, இகரத்தின் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. 'பறவை' போனாலும் 'குருவி' போனாலும் மிஞ்சுவது அதே கேள்விக்குறிக் கூட்டம்தான். அதிலிருந்து எதையும் மீட்க முடியாது.

ஐயாவின் திரையில் இருந்தது நான்காவது வகை. ஜப்பானியர்கள் இதற்கு 'மோஜிபாகே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மோஜி என்றால் எழுத்து, பாகே என்றால் உருமாற்றம். எழுத்து வேறு உருவம் எடுத்துக்கொண்டது என்று பொருள். உருவம்தான் மாறியிருக்கிறது, உயிர் போகவில்லை.

ஏன் அந்த ஏ? ஏன் அந்த ஆர்? அதைப் புரிந்துகொள்ள ஒரு சொல்லின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

யூனிகோடு உலகின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கிறது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. 2944 முதல் 3071 வரை 128 மனைகள் நமக்கு. அவற்றில் பல இன்னும் காலி மனைகள். க-வின் எண் 2965. த 2980. ழ 2996. புள்ளி 3021.

ஆனால் கணினி சேமிக்கும் பெட்டி சிறியது. பைட் எனப்படும் அந்தப் பெட்டியில் 0 முதல் 255 வரைதான் கொள்ளும். 2980 என்ற எண்ணை அதில் எப்படி வைப்பது? 1992 செப்டம்பரில் ஒரு நாள் இரவு அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் சாப்பிட உட்கார்ந்தபோது இதற்கு ஒரு வழி பிறந்தது. தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்திலேயே தாம்ப்சன் அதை வரைந்து காட்டினார். சில நாட்களில் தங்கள் கணினி முழுவதையும் அதற்கு மாற்றிவிட்டார்கள். அதுதான் யூடிஎஃப்-8. இன்று நீங்கள் இணையத்தில் படிக்கும் தமிழில் மிகப் பெரும்பகுதி அந்தக் காகிதத்தில் வரைந்த முறைப்படிதான் வந்து சேர்கிறது.

அதன் அழகு இது. பெரிய எண்ணைத் துண்டாக்கிப் பல பெட்டிகளில் வைக்கும்போது, ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் 'நான் யார்' என்று எழுதியிருக்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பெட்டி. முதல் பெட்டி 224. அதை இரும எண்ணில் எழுதினால் 11100000. முன்னால் நிற்கும் மூன்று 1கள், 'என்னோடு சேர்த்து மூன்று பேர்' என்று சொல்கின்றன. பின்னால் வரும் இரண்டு பெட்டிகளும் 10 என்று தொடங்கும். 'நான் தொடர்பவன், முதல்வன் அல்லன்' என்பது அதன் பொருள். ரயில் நடுவழியில் நின்றாலும் எது எஞ்சின், எது பெட்டி என்று தெரிகிறதல்லவா, அதுபோலக் கோப்பின் நடுவில் எங்கே விழுந்தாலும் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

த என்பது 224, 174, 164. ம என்பது 224, 174, 174. முதல் இரண்டு எண்களும் மாறாமல் இருப்பதைப் பாருங்கள். அவை தெருப்பெயர் மாதிரி. மூன்றாவது எண்தான் கதவிலக்கம். ஒரு தெருவுக்கு 64 வீடு. தமிழுக்கு 128 மனை என்பதால் இரண்டு தெரு. முதல் தெரு 174, இரண்டாம் தெரு 175. உயிரெழுத்துகளும் மெய்வரிசையும் முதல் தெருவில் குடியிருக்கின்றன. இகரத்தின் கொக்கி அந்தத் தெருவின் கடைசி வீடு. ஈகாரத்தின் கொக்கி அடுத்த தெருவின் முதல் வீடு. குறிலும் நெடிலுமாகப் பிறந்த இரண்டு பேருக்கு நடுவில் தெரு பிரிந்துவிட்டது.

இப்போது இந்தப் பெட்டிகளை, மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால்? மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக உண்டான விண்டோஸ்-1252 என்ற பழைய குறியேற்றம் ஒரு பெட்டிக்கு ஓர் எழுத்து என்று படிக்கும். அதன் பட்டியலில் 224 என்பது சாய்கோடு போட்ட ஏ. 174 என்பது வட்டத்துக்குள் ஆர், பதிவு பெற்ற வணிகப் பெயர் என்று பொருட்களின் அட்டையில் போடுகிறார்களே, அந்தக் குறி. 175 ஒரு மேற்கோடு. தமிழ் எதைக் கொடுத்தாலும் ஏ-யும் ஆர்-உமாக வருவது இதனால்தான். ஒவ்வோர் எழுத்தும் தன் தெருப்பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. இகரக் கொக்கி ஸ்பானியர்களின் தலைகீழ்க் கேள்விக்குறியாக வரும். க ஒரு கரும்புள்ளியாக வரும்.

ஆகவே பிழை சேமிப்பில் இல்லை, படிப்பதில்தான். தரவுத்தளம் எந்தக் குறியேற்றத்தில் வைத்திருக்கிறது, அதிலிருந்து எடுத்து வரும் இணைப்பு எந்தக் குறியேற்றம் என்று நினைக்கிறது, பக்கத்தின் தலைப்பகுதி உலாவிக்கு எதை அறிவிக்கிறது, இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று விண்டோஸ்-1252 என்று நினைத்தாலும் போதும், இந்தக் கோலம் வந்துவிடும். ஒத்துப்போகச் செய்தால் தமிழ் திரும்பிவிடும்.

அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்குள் ஒன்று நடந்துவிட்டிருந்தது. ஐயா காலையில் அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டு முறையிட்டிருக்கிறார். 'சரிசெய்கிறோம்' என்று சொல்லி, கெட்டுப்போய்த் தெரிந்த எழுத்துகளையே உண்மையான எழுத்துகள் என்று எடுத்துக்கொண்டு ஒரு மாற்றியில் ஓட்டி, வந்ததை அப்படியே மேலே சேமித்துவிட்டார்கள். பழைய சர்வரில் இருந்த அசல் முந்தின நாளே அழிந்துவிட்டது. வேறு நகல் எங்கும் இல்லை. சொந்தத் தளம் வைத்திருக்கும் எவரையும் நான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வேன்: பிழை கண்ணில் பட்டதும் முதலில் செய்ய வேண்டியது ஒரு நகல் எடுத்துவைப்பது. திருத்தம் எல்லாம் அதற்குப் பிறகு.

எழுத்துகளைத் திருப்பி எண்களாக்கினேன். சாய்கோட்டு ஏ மறுபடி 224 ஆனது. ஆர் 174 ஆனது. தமிழ் வந்தது. ஆனால் ஓட்டை ஓட்டையாக வந்தது.

விண்டோஸ்-1252 பட்டியலில் ஐந்து இடங்கள் காலி. 129, 141, 143, 144, 157. அங்கே எந்த எழுத்தும் வைக்கவில்லை. அந்த எண் வந்தால் சில மென்பொருள்கள் அப்படியே விட்டுவிடும், சில அழித்துவிடும், சில கேள்விக்குறி போடும். ஐயாவின் கட்டுரைகளை ஓட்டிய மாற்றி கேள்விக்குறி போட்டிருந்தது. அன்றாடம் எழுதும் தமிழில் எந்த எழுத்துகளின் கதவிலக்கம் இந்தக் காலியிடங்களில் விழுகிறது என்று எழுதிப் பார்த்தேன். புள்ளி: 224, 175, 141. உகரக் குறி: 224, 175, 129. ஏ: 224, 174, 143. ஐ: 224, 174, 144. ஐந்தாவதான 157இல் தமிழுக்கு ஆள் இல்லை.

அதாவது இருநூற்றுச் சொச்சம் எழுத்தும் உயிரோடு திரும்ப, நான்கே நான்கு குறிகள் செத்துவிட்டன. அதில் ஒன்று புள்ளி. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள், அதன் இடம் தெரியும்.

தொலைந்த இடத்தில் ◇ போட்டுக் காட்டுகிறேன். ஒரு கட்டுரை இப்படித் தொடங்கியது:

க◇ளத◇த◇க◇க◇ அந◇தப◇ பக◇கம◇ ஒர◇ கோயில◇

தெருப்பெயர் மிஞ்சியிருந்ததால் ஒன்று மட்டும் உறுதி. 175 தெருவில் தொலைந்தது புள்ளியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உகரமாக இருக்க வேண்டும். அன்றாட எழுத்தில் மூன்றாவது கிடையாது. 174 தெருவில் தொலைந்தது ஏ அல்லது ஐ. ஒவ்வோர் ஓட்டையிலும் இரண்டில் ஒன்று. ஆனால் ஒன்பது ஆண்டுக் கட்டுரைகளில் எத்தனை ஆயிரம் ஓட்டைகள்!

ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இதில் என்ன தம்பி கஷ்டம்?" என்றார். "முதல் க-வில் புள்ளி வராது. மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காதே. அங்கே உகரம்தான். 'குளம்'. அந்தச் சொல்லின் கடைசியில் நிற்பது ககரம். சந்தி இல்லாத இடத்தில் வல்லினம் ஒற்றாகச் சொல்லின் ஈற்றில் நிற்காது, அங்கேயும் உகரம். அதற்கு முன்னால் தகரத்துக்குப் பிறகு ககரம் வருகிறது. க, ச, த, ப நான்கும் ஒற்றாக நின்றால் தன்னோடு மட்டும்தான் சேரும். த் பக்கத்தில் க வராது. அதனால் அந்தத் த 'து'. மிச்சம் ஒரே வல்லினம் அடுத்தடுத்து வருகிற இடம், முன்னது ஒற்று. 'குளத்துக்கு'. எழுதிக்கொள்."

நான் எழுதிக்கொண்டேன். என் பத்தாம் வகுப்பு நோட்டில் இருந்த அதே விதிகள். மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போட்டவை.

"'ஒர◇' என்று இருக்கிறதே, ஐயா, 'ஒர்' என்று இருக்கலாம் அல்லவா?" என்று கேட்டேன்.

"இருக்கவே முடியாது. ரகரமும் ழகரமும் தனிக்குறிலுக்குப் பின்னால் ஒற்றாக வராது. 'ஊர்' வரும், 'அவர்' வரும், 'தமிழ்' வரும். 'ஒர்' வராது, 'வர்' வராது, 'எழ்' வராது. அங்கெல்லாம் உகரம். 'ஒரு', 'வரு', 'எழு'."

இந்த விதிகளை எல்லாம் ஒரு சிறு நிரலாக எழுதினேன். கணினி அறிவியலில், செய்தியின் ஒரு பகுதி வழியில் கெட்டாலும் மிச்சத்தை வைத்து மீட்டுக்கொள்வதற்காகக் கொஞ்சம் கூடுதல் தகவலை வேண்டுமென்றே சேர்த்து அனுப்புவார்கள். மொழியில் அந்தக் கூடுதல் தகவலை யாரும் தனியாகச் சேர்க்கவில்லை. எந்த ஒலிக்குப் பக்கத்தில் எந்த ஒலி நிற்கும், எது நிற்காது என்று நாக்கு தானாக வகுத்துக்கொண்ட ஒழுங்கு அது. தொல்காப்பியம் அதைக் கவனித்து எழுதிவைத்தது, நன்னூல் அதைத் தொகுத்துச் சொன்னது. அந்த ஒழுங்கு ஒரு சர்வரில் தொலைந்த பைட்டைத் திருப்பிக் கொடுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நிரல் முதல் கட்டுரையில் ஓடி முடித்து, ஓட்டைகள் மளமளவென்று அடைந்து, 'குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில்' என்று திரையில் வந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இன்னொன்றையும் ஐயாதான் சொன்னார். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். ஏகார எகர வேறுபாடும் தெரியாது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தபோது அவர் கையில் இருந்தவை அப்படிப்பட்ட சுவடிகள். படிப்பவர்தான் புள்ளியை மனத்தால் வைத்துக்கொள்ள வேண்டும். "நாமும் அதைத்தானே செய்கிறோம்" என்றார் ஐயா. அன்று முதல்முறையாக அவர் முகத்தில் தெம்பு வந்தது.

நிரல் தயங்கிய இடங்களும் நிறைய. சந்தி ஒற்று அதில் முக்கியமானது. சொல்லின் ஈற்றில் ப◇ வந்து, அடுத்த சொல்லும் பகரத்தில் தொடங்கினால் அது 'அதைப் பார்' போன்ற ஒற்றா, வேறொரு சொல்லின் 'பு' ஈறா என்று பல இடங்களில் கணினிக்குத் தெரியாது. 'பக◇க◇க' என்று ஒரு சொல் வந்தது. 'பகுக்க' என்றும் ஆகலாம், 'பக்குக' என்றும் ஆகலாம். இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது, பொருள்தான் முடிவு சொல்ல வேண்டும். இத்தகைய இடங்களை எல்லாம் அச்செடுத்துக் கொடுத்தேன். ஐயா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். விடைத்தாள் திருத்திய அதே கை. பன்னிரண்டு நாள் ஆயிற்று.

நடுவில் வேறு இரண்டு கோளாறுகளும் வெளிவந்தன. இரண்டுமே என்னை அதிசயப்பட வைத்தவை.

ஒன்று, படங்கள். சர்வரில் படக் கோப்புகள் எல்லாம் இருந்தன, சில மட்டும் பக்கத்தில் தெரியவில்லை. கோப்புறையைத் திறந்து பார்த்தேன். 'கோயில்' என்ற பெயரில் இரண்டு படங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒரே பெயரில் இரண்டு கோப்பு ஒரே கோப்புறையில் இருக்க முடியாது. ஆனால் இருந்தன. பெயரை எண்ணாக்கிப் பார்த்ததும் குட்டு உடைந்தது. ஒன்றில் 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியும், 2965, 3019. மற்றொன்றில் ககரம், ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு, கால், என மூன்று: 2965, 3015, 3006. கண்ணுக்கு ஒரே கோ. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் பெட்டிகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் சர்வருக்கு இவர் வேறு, அவர் வேறு. ஐயா வெளியூரில் இருக்கும் மகனின் மடிக்கணினியிலிருந்து ஏற்றிய படங்களின் பெயர்கள் எல்லாம் பிரித்து எழுதப்பட்டிருந்தன. சில கணினிகள் கோப்புப் பெயரைத் தாமாகவே இப்படிப் பிரித்து வைக்கும். கட்டுரையில் அவர் அடித்த பெயர் சேர்த்து எழுதியது.

கொ, கோ, கௌ வரிசை முழுக்க இந்த ஆபத்து உண்டு. தேடினால் கிடைக்காத சொற்களுக்கும் பலமுறை இதுதான் காரணம். 'ஸ்ரீ'க்கு வேறொரு கதை. 2005இல் 'ஶ' என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்த பிறகு, ஸகரத்தில் எழுதினாலும் அதில் எழுதினாலும் திரையில் பெரும்பாலும் ஒரே வடிவம்தான் வரும். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் 'இயல்பாக்கம்' என்ற ஒரு வழிமுறை யூனிகோடிலேயே இருக்கிறது. பிரித்த கோ-வைச் சேர்த்துவிடும். ஸ்ரீ-யை அது தொடாது, அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். படக் கோப்புகளுக்கு மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகப் பெயர் வைப்பது நல்லது என்று ஐயாவிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. வேறு வழி தெரியவில்லை.

மற்றொன்று ஒரு பழைய பக்கம். 'அன்பர்களுக்கு வணக்கம்' என்ற ஒரு வரி மட்டும் இருந்தது, அதன் கீழே ஒன்றுமில்லை. கேட்டதும் ஐயாவுக்கு நினைவு வந்தது. பேத்தி பிறந்த வாரம். இரவு நெடுநேரம் கண்விழித்து எழுதி வெளியிட்டாராம். காலையில் பார்த்தால் முதல் வரிக்குப் பிறகு எல்லாம் காணோம். ஏதோ தவறான பொத்தானை அழுத்திவிட்டோம் என்று தம்மையே நொந்துகொண்டு மறுநாள் மறுபடி எழுதினார். "வணக்கத்துக்குப் பக்கத்தில் கைகூப்புகிற படம் ஏதாவது போட்டீர்களா ஐயா?" என்றேன். போட்டிருந்தார். மருமகள் அன்றுதான் சொல்லிக்கொடுத்தாளாம்.

கைகூப்பும் அந்தச் சின்னப் படமும் யூனிகோடில் ஓர் எழுத்துதான். அதன் எண் 128591. இவ்வளவு பெரிய எண்ணுக்கு யூடிஎஃப்-8இல் நான்கு பெட்டி வேண்டும். அவர் தளத்தின் பழைய தரவுத்தளம் ஓர் எழுத்துக்கு மூன்று பெட்டிக்குமேல் வாங்காத வகை. தமிழுக்கு மூன்று போதும் என்பதால் இத்தனை ஆண்டும் பழுது தெரியவில்லை. நான்காவது பெட்டி வந்ததும் அந்த இடத்தோடு கோட்டைக் கிழித்து, பின்னால் வந்த அத்தனையையும், அது தமிழாகவே இருந்தாலும், எச்சரிக்கைகூடக் காட்டாமல் வெட்டிப்போட்டுவிட்டது. ஒரு வணக்கம் ஒரு கட்டுரையை விழுங்கிவிட்டது. "அப்போ என் தப்பு இல்லையா?" என்று ஐயா இரண்டு முறை கேட்டார். இத்தனை வருடம் அதை மனத்தில் வைத்திருந்திருக்கிறார். இல்லை ஐயா, உங்கள் தப்பு துளியும் இல்லை என்றேன்.

புதிதாக எங்கே மாற்றினாலும் முதலில் ஒரு சோதனை வரி போட்டுப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. 'ஏன் ஐயா, கொடுத்தது போதும்' என்று எழுதி, பக்கத்தில் கைகூப்பும் படம் ஒன்று, அதற்குப் பின்னால் இன்னும் ஒரு சொல். ஏ, ஐ, உகரம், புள்ளி நான்கும் அதில் இருக்கின்றன. கொ இருக்கிறது. நான்கு பெட்டி எழுத்து இருக்கிறது, அதற்குப் பிறகு ஒரு சொல் பிழைக்கிறதா என்றும் தெரிந்துவிடும். அந்த ஒரு வரி சேமித்து, திறந்து, தேடிப் பார்த்து ஒழுங்காக வந்தால் பெரும்பாலும் மற்றதும் வந்துவிடும்.

ஐயாவின் கட்டுரைகள் ஒவ்வொன்றாக மீண்டன. 174 தெருவின் ஓட்டைகள் குறைவு, ஏ-யும் ஐ-யும் சொல்லின் தொடக்கத்தில்தானே வரும். அவற்றுக்கு ◆ போட்டுக் காட்டினால், '◆ன்' என்றால் 'ஏன்', '◆யம்' என்றால் 'ஐயம்' என்று சட்டென்று சொல்லிவிடலாம். கடைசியில் ஓர் இடம் மட்டும் மிஞ்சியது. அவர் சிறுவயதில் ஊரில் பார்த்த அம்மன் திருவிழாவைப் பற்றிய கட்டுரை. பெண்கள் கோயிலைச் சுற்றி வரும் இடத்தில் '◆ந்து விளக்குகளோடு' என்று இருந்தது.

ஐந்து விளக்குகளோடு. ஏந்து விளக்குகளோடு. இரண்டும் சரியான தமிழ். இலக்கணம் கைவிரித்தது, பொருளும் கைவிரித்தது.

"எதை எழுதினீர்கள் என்று நினைவிருக்கிறதா ஐயா?"

"இரண்டுமே நான் எழுதக்கூடியதுதான் தம்பி" என்றார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியை எடுத்து ஊரில் இருக்கும் தம் அக்காவைக் கூப்பிட்டார். எண்பது வயதைத் தாண்டியவர். காது சரியாகக் கேட்காததால் ஐயா சத்தமாகக் கேட்டார்.

"அக்கா, அப்போ அம்மன் கொடைக்கு விளக்கு எடுத்துச் சுத்துவீங்களே, எத்தனை விளக்கு? அஞ்சா?"

மறுமுனையிலிருந்து வந்த குரல் எனக்கும் கேட்டது.

"அஞ்சு ஏதுடா? ஏழு. வருஷா வருஷம் ஏழுதான். ஒன்னு நான்லா எடுத்துட்டு வருவேன்."

ஐயா கைப்பேசியை வைத்துவிட்டு, தாளில் அந்த ஓட்டையின்மேல் சிவப்பு மையால் ஏ என்று எழுதினார்.